கரையில் ஐந்து கோடு, கடலில் ஒன்றுமில்லை

போன மாதம் ஒரு சாயங்காலம் அனுமந்தைக் குப்பத்துப் பக்கம் காலாற நடந்து போயிருந்தேன். படகு நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். அவனுடைய அப்பா எனக்கு நாற்பது வருடப் பழக்கம். போன் கம்பி இழுத்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் எனக்குப் 'போன் சார்' என்றுதான் பெயர்.

"போன் சார், ஒரு சந்தேகம். கரையில நின்னா அஞ்சு கோடும் நிக்குது. கொஞ்ச தூரம் ஓடினதும் மூணு, ரெண்டு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. போன் நல்ல போனுதான், பதினெட்டாயிரம் குடுத்து வாங்கினது. கோளாறு போன்லயா, சிம்லயா?"

இரண்டிலும் இல்லை தம்பி என்று சொன்னேன். பிறகு எதில் என்று கேட்டான். நின்றபடி சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. "எழுதி வைக்கிறேன், படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை. என் வயதுக்காரர்களுக்கும் பழைய நினைவு கொஞ்சம் கிளறும்.

நான் வேலையில் சேர்ந்தபோது போன் என்றால் கம்பி. கம்பி இருந்தால் பேச்சு, இல்லையென்றால் இல்லை. நம் கடற்கரையில் அந்தக் கம்பிக்கு முதல் எதிரி உப்புக் காற்று. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி வருகிற காற்று தாமிர இணைப்பில் பட்டால் கொஞ்ச நாளில் பச்சை பூத்துவிடும். பீங்கான் குமிழ்களில் உப்புப் படிந்து, பனி விழுந்த காலையில் மின்சாரம் ஒழுகும். லைனில் இரைச்சல் என்று புகார் வரும். ஈரத்துணியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு கம்பம் ஏறுவேன். துடைத்துவிட்டு இறங்கினால் அடுத்த கம்பம் காத்திருக்கும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. தொலைபேசி நிலையங்கள் பெரும்பாலும் 48 வோல்ட் பேட்டரியில்தான் ஓடின. அதில் பாசிட்டிவ் முனையைத்தான் பூமியில் இணைப்பார்கள். கார், லாரியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காரணம் அரிப்பு. நெகட்டிவ் முனையைப் பூமியில் இணைத்தால் மண்ணில் புதைத்த தாமிரக் கேபிள் சீக்கிரம் அரித்துப் போகும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அரிப்புக்குப் பயந்து எடுத்த முடிவு அது. இன்றைக்கு உங்கள் தெருவில் நிற்கிற செல்போன் டவருக்குக் கீழே இருக்கிற பேட்டரியும் அதே 48 வோல்ட்தான்.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த கதை எல்லாருக்கும் தெரியும். நம்பரைச் சுழற்றி நேரடியாக வெளியூர் பேசுகிற எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில்தான் முதலில் வந்தது. கிராமங்களுக்கு அது வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 1984-ல் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. அதற்கு ஓடியாடி உழைத்தவர் சாம் பிட்ரோடா. அவர்கள் செய்த 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் ஓடியது. அதன் பெருமை என்னவென்றால் ஏ.சி. அறை வேண்டாம். வெளிநாட்டு இயந்திரங்கள் குளிர்சாதனம் இல்லாமல் இயங்காது. நம் வெயிலிலும் தூசியிலும் இது நின்றது. அதற்குப் பிறகுதான் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் ஊருக்கு ஊர் முளைத்தன.

கம்பி இல்லாமல் கிராமத்துக்குப் போன் கொடுக்க வேறு முயற்சிகளும் நடந்தன. அதில் நம் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990-களில் 'கார்டெக்ட்' என்ற முறையை உருவாக்கினார்கள். ஊரில் ஒரு கோபுரம், வீட்டில் சுவரில் மாட்டுகிற ஒரு சிறு பெட்டி. சுமார் பத்து கிலோமீட்டர் வரை கம்பியில்லாமல் பேசலாம், கூடவே கொஞ்சம் இன்டர்நெட்டும் கிடைக்கும். மதுரைப் பக்கம் மேலூர் கிராமங்களில் அதை வைத்து இன்டர்நெட் கடைகள் நடத்தினார்கள். பிறகு செல்போன் அலை வந்து அதை மூடிவிட்டது. ஆனாலும், குறைந்த செலவில் நம் கிராமத்துக்கு ஏற்றபடி நாமே செய்ய முடியும் என்று காட்டியது அது.

இப்போது செல்போனுக்கு வருகிறேன். 'செல்' என்ற பேர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நம் ஊர்க்காரருக்குப் புரியவைப்பது சுலபம். உப்பளத்தைப் போய்ப் பாருங்கள். பெரிய நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாக வரப்புக் கட்டிப் பிரித்திருப்பார்கள். 1947-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதே யோசனையை எழுதி வைத்தார்கள். ஒரு பெரிய கோபுரம் வைத்து ஊர் முழுக்க ஒரே அலைவரிசையில் பேசினால் கொஞ்சம் பேர்தான் பேச முடியும். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சின்னக் கோபுரம் வைத்தால், பக்கத்துப் பாத்திக்கு வேறு அலைவரிசை கொடுத்து, இரண்டு பாத்தி தள்ளி அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்தப் பாத்திதான் செல்.

யோசனை வந்த பிறகு கருவி வர இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் கைபேசியில் முதல் அழைப்பைச் செய்தார். அந்தப் போன் ஒரு கிலோவுக்குக் குறையாது. 1991-ல் பின்லாந்தில் ஜி.எஸ்.எம். என்ற பொது முறை தொடங்கியது. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியது முதல் செல்போன் பேச்சு. அப்போது நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கு மேல், நெரிசல் நேரத்தில் 16 ரூபாய்க்கு மேல். பேசுகிறவரும் கொடுக்க வேண்டும், கேட்கிறவரும் கொடுக்க வேண்டும்! 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் வந்தது. 2003-ல் வருகிற அழைப்பு இலவசம் ஆனது. அந்த இரண்டுக்கும் பிறகுதான் செல்போன் நம் குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் வந்தது.

அதே 2003-ல் நோக்கியா 1100 வந்தது. உச்சியில் ஒரு சின்ன டார்ச், தூசி புகாத பட்டன். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க விடியாத இருட்டில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் பேசுவதற்கு வாங்கினார்களா, டார்ச்சுக்கு வாங்கினார்களா என்று சொல்ல முடியாது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் கையால் செய்த போன் உலகம் சுற்றியது. 2014-ல் அது நின்றுபோனபோது பல வீட்டில் அடுப்பு எரிவதே சிரமமானது.

சரி, ஒரு அழைப்பு போய்ச் சேர என்னென்ன வேண்டும்? கையில் போன். அதற்குள் சிம், நீங்கள் யார் என்று காட்டுகிற அடையாள அட்டை அது. பக்கத்தில் டவர். டவரிலிருந்து நிலையத்துக்குப் பூமிக்கடியில் ஃபைபர், அல்லது மேலே முரசு மாதிரி தெரிகிற மைக்ரோவேவ் தட்டு. நிலையத்தில் ஸ்விட்ச். அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு பெரிய பதிவேடு. இன்ன நம்பர்க்காரர் இப்போது இன்ன டவரின் கீழ் இருக்கிறார் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் மரக்காணத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறீர்கள். ஒரு டவர் உங்களை அடுத்த டவரிடம் ஒப்படைக்கிறது, உங்களுக்குத் தெரிவதே இல்லை. இதில் பாதி இரும்பு, பாதி மென்பொருள். இரும்பு கண்ணுக்குத் தெரியும், மென்பொருள் தெரியாது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியில்தான் நம் மொழிக்கு இடம் கிடைக்க நாளானது. குறுஞ்செய்தி 1992-ல் இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகத் தொடங்கியது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு யூனிகோடு முறையில் ஒவ்வொன்றுக்கும் பதினாறு பிட் வேண்டும், 70 தான் அடங்கும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'மரக்காணம்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்கு ஒன்பது. காசு கொடுத்து அனுப்புகிற காலத்தில் தமிழில் எழுதினால் இரட்டிப்புச் செலவு. அதனால்தான் ஒரு தலைமுறையே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டப் பழகியது. இந்த நிலையை மாற்ற முயன்றவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறனை மறக்கக் கூடாது. 2005-ல் அவர் 'செல்லினம்' கொண்டுவந்து, கைபேசியில் தமிழிலேயே எழுத வழி செய்தார்.

கடலோரத்துக்காரர்களுக்கு மொழி ஏன் முக்கியம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. தலைமையிடம் வில்லியனூர். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை எவ்வளவு உயரம் வரும் என்று தெரிய வேண்டும். அந்தக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழாக்கி, வயர்லெஸ் வழியாக வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொன்னது. உலகத்தின் அந்தக் கோடியில் தொடங்கிய செய்தி கடைசியில் ஒரு குழாய் ஸ்பீக்கரில் முடிந்தது. அந்த ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அதற்கு முன்னால் இருந்த அத்தனையும் வீண்.

2004 டிசம்பர் 26 அதைக் காட்டியது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஊருக்குப் போன் செய்தார். செய்தி தகவல் மையத்துக்குப் போனது. மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லாரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் காலியானது. படகும் வீடும் போயின, ஆனால் மக்கள் பிழைத்தார்கள். அன்றைக்கு இந்தக் கடற்கரை முழுக்க எத்தனையோ வீட்டில் தொலைபேசி இருந்தது. ஆனால் கூப்பிட ஒருவரும், கேட்டதை ஊருக்குச் சொல்ல ஒரு குழாயும் அங்கே இருந்தது.

2007 வாக்கில் அதே நிறுவனம் கைபேசி நிறுவனங்களோடு சேர்ந்து மீனவர்களுக்கென்றே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. அலை உயரம், காற்று, மீன் கூடுகிற இடம், சந்தை விலை எல்லாம் தமிழிலேயே போனில் வந்தது. கடல் தகவல் கொடுப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம். சந்தை விலை என்றதும் கேரளக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1997-லிருந்து 2001-க்குள் அங்கே கடலோர டவர்கள் வந்தன. மத்தி பிடித்தவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை என்று கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி மீன் கிடைக்காமல் ஆள் நிற்பார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஆதாயம்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். சிக்னல் கடலில் ஏன் நிற்கிறது?

முதல் காரணம் பூமி உருண்டை. 40 மீட்டர் டவர் கரையில் நிற்கிறது, நீ படகில் கையைத் தூக்கிப் பிடித்தால் தண்ணீருக்கு மேல் இரண்டு மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் டவரும் நீயும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் கடல் முதுகு வளைந்து மறைத்துவிடும். இரண்டாவது, போனின் பலம். டவர் கத்தினால் உனக்குக் கேட்கும், நீ கத்துவது டவருக்குக் கேட்க வேண்டாமா? பழைய ஜி.எஸ்.எம். போன் அதிகபட்சம் 2 வாட். இன்றைய 4ஜி போன் 0.2 வாட்தான். மூன்றாவது, ஜி.எஸ்.எம். முறையில் எட்டுப் பேர் ஒரே அலைவரிசையை முறை வைத்துப் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் முறையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவு. தூரத்தில் இருப்பவரின் பேச்சு தாமதமாக வரும், அதனால் அவர் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அந்த முன்கூட்டலுக்கு 63 படிதான் வைத்தார்கள், ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பார், 35 கிலோமீட்டர். அதற்கு மேல் அலை எட்டினாலும் கணக்கு எட்டாது. 4ஜி-யில் இந்த எல்லை தளர்ந்துவிட்டது, ஆனால் முதல் இரண்டு காரணமும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. டவர்களின் முகம் சனம் இருக்கிற பக்கம் திரும்பியிருக்கும். கடலில் ரீசார்ஜ் செய்ய ஆளில்லை.

பதினெட்டாயிரம் ரூபாய்ப் போன் என்ன செய்யும் பாவம்?

இது வெறும் கணக்கு இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தார்கள், அது அவர்களுக்குப் போகவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு 2019-ல் 'ஜெமினி' என்று ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து வானிலைச் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாக உன் போனுக்கே காட்டும். ஆனால் ஒருவழிதான், கேட்கலாம், பேச முடியாது. 2024 ஆகஸ்டில் இருவழிச் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இஸ்ரோ தொழில்நுட்பம். ஆபத்து என்றால் ஒரு பட்டனில் கரைக்குச் சொல்லலாம்.

கரையிலும் போன் எப்போதும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியதை நம்மில் யார் மறப்போம்? முந்தின இரவு முழுக்கக் காற்று. விடிந்து பார்த்தால் மின்கம்பங்கள் படுத்துக் கிடந்தன. டவர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கரண்ட் இல்லை, பேட்டரி சில மணி நேரம் தாங்கியது, டீசல் கொண்டுவர ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் போன் செத்துவிட்டது. வெளியூரில் இருந்த என் மகள் மூன்று நாள் எங்கள் குரல் கேட்காமல் தவித்தாள். வாழ்நாள் முழுக்க ஊருக்குப் போன் கொடுத்தவன் வீட்டிலிருந்து "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை போகவில்லை. நான்காம் நாள் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது போன் சார்ஜுக்கு வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தேன். நானும் என் போனை அதில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

2023-ல் ஒரு நாள் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? பயந்து போனோம். அது சி-டாட் செய்த எச்சரிக்கை முறையின் சோதனை. எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பராகப் போகும், நெரிசலில் மாட்டும். இது டவரிலிருந்து ஒரே வீச்சில், அந்தப் பாத்திக்குள் இருக்கிற எல்லாப் போனுக்கும் போகும். சத்தத்தை அணைத்து வைத்திருந்தாலும் அலறும். நல்லவாட்டு ஒலிபெருக்கியின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் அடுத்த முறை அலறினால் தொந்தரவு என்று அணைத்துவிடாமல் படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் போன் இல்லாத கிழவி இருந்தால் அவர்களுக்கும் போய்ச் சொல்லுங்கள்.

தம்பி, உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கோளாறு உன் போனில் இல்லை, சிம்மிலும் இல்லை. கரையை விட்டு 20 கிலோமீட்டர் தாண்டும் முன்பே ஒரு தரம் வானிலையைப் பார்த்துக்கொள், வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. படகுக்கு டிரான்ஸ்பாண்டர் கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வா. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.